ஞாயிற்றுக்கிழமை மண்

விளாச்சேரியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கிய களிமண் மூட்டை 40 கிலோ. பார்க்க ஒரு சிமென்ட் மூட்டையைவிடக் குட்டையாகத்தான் இருந்தது. தூக்கப் போனால் அசையவில்லை. அன்றைக்கென்று லிஃப்ட் பழுது. மண் போக வேண்டிய இடம் நான்கு மாடிக்கு மேலே, மொட்டை மாடி. கார் துடைத்துக்கொண்டிருந்த ஒருவர், பால் வாங்கி வந்த இன்னொருவர், ட்யூஷனுக்குக் கிளம்பிய இரண்டு பையன்கள் என்று ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் சாக்கு கிழிந்து மண் படிகளில் சரிந்தது. சத்தம் கேட்டுக் கதவுகள் திறந்தன. ஒரு வீட்டிலிருந்து வாளி, இன்னொரு வீட்டிலிருந்து அன்னக்கூடை, மற்றொன்றிலிருந்து பழைய குக்கர். மண்ணைப் பங்கு பிரித்துத் தூக்கிக்கொண்டு ஏழு பேர் மாடிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

மூச்சு வாங்கிக்கொண்டே பால்காரர்—பால் வாங்கி வந்தவரைத்தான் சொல்கிறேன், அவர் பெயர் அன்றைக்கு எனக்குத் தெரியாது—கேட்டார்: "இத வச்சு என்னங்க செய்யப் போறீங்க?"

"கிண்ணம் பிடிக்கலாம்னு."

"நானும் வரலாமா?"

ஒன்பது ஆண்டுகளாக ஒரே படியில் ஏறி இறங்கிய மனிதரோடு நான் முதன்முதலாகப் பேசியது அதுதான். மதுரையில், 48 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பில் நடந்தது. அதன் பிறகு இரண்டு ஆண்டுகளாக, மழைக்காலம் நீங்கலாக, மாதத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமையாவது மாடியில் மண் பிசைகிறோம். வேறு ஊர்களில் இருக்கும் சிலர், தங்கள் தெருவிலும் இதைச் செய்ய முடியுமா என்று கேட்டார்கள். முடியும். எங்களுக்கு எது கைகொடுத்தது, எது காலை வாரியது என்பதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

இந்த எண்ணம் எனக்கு வந்தது அம்மாவின் ஊரில். சிவகங்கை மாவட்டத்துக் கிராமம். அங்கே புரவி எடுப்பு, அதாவது அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கும் திருவிழா, நடக்கப் போகிறது என்றால், பல வாரங்களுக்கு முன்பே ஊரார் கூடி, மண்பாண்டம் செய்யும் வேளார் கையில் பிடிமண் கொடுப்பார்கள். கோயில் இடத்திலிருந்து எடுத்த ஒரு கைப்பிடி மண். அதை வாங்கிய பிறகுதான் அய்யனாருக்கான குதிரைகளைச் செய்யத் தொடங்குவார்கள். கொண்டுவந்த மண் முழுக்க வேளாருடையது, உழைப்பும் அவருடையது. ஆனாலும் அந்த ஒரு பிடி கலந்துவிட்டதால் குதிரை ஊர்க்குதிரை ஆகிவிடுகிறது. திருவிழா அன்று ஊரே அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போகும்.

சின்ன வயதில் பலமுறை பார்த்ததுதான். ஆனால் அப்பா போன பிறகு, தனியாக அந்தக் கூட்டத்தில் நின்று பார்த்தபோது வேறு மாதிரி இருந்தது. அந்த ஆண்டு முழுக்க எனக்குத் தூக்கம் சரியில்லை. மைண்ட்ஃபுல்னெஸ் என்று சொல்லித் தரும் செயலி ஒன்றைப் போனில் போட்டுக்கொண்டு, பாயில் உட்கார்ந்து மூச்சை எண்ணிப் பார்த்தேன். பலருக்கு அது நிச்சயம் பயன்படுகிறது. எனக்கோ பத்தாவது மூச்சுக்குள் மனம் ஆஸ்பத்திரி வராண்டாவுக்குப் போய்விடும். அதைவிட, அந்த அறையில் நான் தனியாக இருக்கிறேன் என்பதுதான் அதிகம் உறைத்தது. பிடிமண்ணைப் பார்த்த அன்று தோன்றியது: கவனத்தை வைக்கக் கைக்கு ஒரு பொருள் வேண்டும், பக்கத்தில் நாலு பேர் வேண்டும்.

ஊர் திரும்பியதும் விளாச்சேரிக்குப் போனேன். திருப்பரங்குன்றம் பக்கத்தில் இருக்கும் ஊர். கொலு பொம்மைக்குப் பேர் போனது. அங்கே ஒரு வேளார் ஐயா கிடைத்தார். எழுபதை நெருங்கும் வயது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "எத்தன பேரு தாயி?" என்றார். இருபது, முப்பது பேர் வரலாம் என்றேன். "பன்னெண்டுக்கு மேல வேண்டாம். ஒவ்வொரு கையவும் நான் பாக்கணும்ல?" அன்று அவர் சொன்ன அந்த எண்ணை, ஒரே ஒரு தடவை தவிர, நாங்கள் மாற்றவில்லை. இடையில் ஒருமுறை மாற்றிப் பார்த்தோம். 26 பேர் வந்தார்கள். தெரிந்தவர்கள் தெரிந்தவர்களோடு குழுவாக உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு கல்யாணப் பந்தி மாதிரி ஆகிவிட்டது. கூடுதலாக ஆள் வந்தால் இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள், கூட்டத்தைப் பெரிதாக்காதீர்கள்.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கண்மாய்க் களிமண்ணை அப்படியே எடுத்துப் பிடித்தால் காயும்போது வெடிக்கும். ஐயா இரண்டு வகைக் களிமண்ணைக் கலந்து, கொஞ்சம் நைசான மணலும் சேர்த்துத்தான் தருகிறார். மணல் இருந்தால் ஈரம் வெளியேற வழி இருக்கும், சுருக்கமும் குறையும். அப்படிக் கலந்த மண்கூட, காய்ந்து சுட்டு வரும்போது பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சிறுத்துவிடும். முதல் தடவை செய்பவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தன் டம்ளர் சுருங்கிப் போய்விட்டதே என்று ஒரு பையன் அழுதே விட்டான்.

மண்ணைப் பதப்படுத்த மிதிக்க வேண்டும். முதல் வாரம் ஐயா தார்ப்பாயை விரித்து, ஊறிய மண்ணைக் கொட்டி, "ஏறி மிதிங்க" என்றார். யாரும் அசையவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்ணில் கால் வைக்க ஒரு கூச்சம். அடுத்த வீட்டு ஆண்கள் வேறு நிற்கிறார்கள். கடைசியில் நான்காம் மாடிப் பாட்டி, மூட்டு வலிக்காரர், மருமகள் தோளைப் பிடித்துக்கொண்டு முதலில் ஏறினார். "நாத்து நட்ட காலுப்பா இது" என்றார். அதற்கப்புறம் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக வட்டமாக மிதித்துப் போக வேண்டும். வழுக்கும் என்பதால் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்தே ஆக வேண்டும். யார் கை என்று பார்த்துப் பிடிக்க அவகாசம் இருக்காது. அடியில் குளிர்ச்சியாக, கணுக்கால் வரை ஏறி, விரலிடுக்கில் பிதுங்கி வரும் அந்த மண்ணில் குத்தும் சிறு கல்லைக் கால்தான் முதலில் கண்டுபிடிக்கும். குனிந்து அதை எடுத்து வெளியே போட்டுவிட்டு மறுபடி மிதிக்க வேண்டும். அரை மணி நேரம். மண் மிதித்து முடித்த பிறகு ஒருவரையொருவர் அறிமுகம் செய்துவைக்க எனக்கு வேலையே இருக்கவில்லை.

அன்றைய நாளில் நான் வெட்கப்பட வேண்டிய ஒன்றும் நடந்தது. ஐயாவை எங்கள் கேட்டில் இருபது நிமிடம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். "வேலையாளுங்க பின்படி வழியாப் போங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். அவரும் ஒன்றும் சொல்லாமல் பின்படி ஏறி வந்திருக்கிறார். எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. அடுத்த வாரம் நானும் இன்னும் இரண்டு பேரும் கேட்டில் காத்திருந்து, முன்வாசல் வழியாக அழைத்துவந்தோம். மாடியில் அவருக்கு மட்டும் நாற்காலி. சின்னவர்களுக்கு அவர் 'மாஸ்டர்'. இதை வலியுறுத்திச் சொல்கிறேன்: சக மனிதரோடு சேர்வதற்காக மண்ணைத் தொடுகிறோம் என்று சொல்லிவிட்டு, தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணைத் தொட்டு வாழ்ந்தவரைப் பின்படியில் ஏற்றினால் அந்தக் காரியத்துக்கு அர்த்தமே இல்லை. ஒரு காலைக்கு 1,500 ரூபாயும் ஆட்டோவும், மண்ணுக்குத் தனிக் காசும் என்று பேசிக்கொண்டோம். தலைக்கு 150, 200 ரூபாய் விழும். முடியாதவர்கள் தர வேண்டாம். யார் தந்தார், யார் தரவில்லை என்பது உண்டியலுக்குத் தெரியாது.

இப்போது எங்கள் காலை எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடிப்போம். அதற்கு மேல் மதுரை வெயிலில் மாடியில் இருக்க முடியாது. போன்களைப் படிக்கட்டு அறையில் ஒரு கூடையில் போட்டுவிட வேண்டும். இதற்கு முதலில் எதிர்ப்பு இருந்தது. ஆனால் கை முழுக்கச் சேறாக இருக்கும்போது யாராலும் போனைத் தொட முடியாது என்பதால் சண்டை அதுவாகவே அடங்கிவிட்டது. வட்டமாக உட்காருவோம், முட்டி வலி உள்ளவர்களுக்குச் சுவரோரம் ஒரு பெஞ்சு. இரண்டு பேருக்கு நடுவில் ஒரு தண்ணீர்க் கிண்ணம். ஆளுக்கொரு கிண்ணம் வைக்க வீட்டில் பாத்திரம் இல்லாமலா? வேண்டுமென்றேதான் வைப்பதில்லை. பக்கத்தில் இருப்பவர் கிண்ணத்தில் விரல் நனைக்கும்போது நாம் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் பார்வை அவர் கையில் என்ன உருவாகிறது என்பதன் மேல் போகும்.

ஆளுக்குச் சாத்துக்குடி அளவு உருண்டை. சக்கரம் வேண்டவே வேண்டாம். சக்கரத்தில் ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் வேடிக்கை பார்க்கத்தான் முடியும். கை பழகவும் மாதக் கணக்கில் ஆகும். விரலால் பிடிக்கும் கிண்ணம் எட்டு வயதுப் பிள்ளைக்கும் எண்பது வயதுப் பெரியவருக்கும் ஒரே காலையில் வரும். உருண்டையை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வலது கட்டைவிரலை நடுவில் இறக்க வேண்டும். அடியில் சுண்டுவிரல் கனம் மிச்சமிருக்கும்போது நிறுத்த வேண்டும். அப்புறம் கட்டைவிரல் உள்ளே, மற்ற விரல்கள் வெளியே. ஒரு அழுத்து, ஒரு திருப்பு. ஒரு அழுத்து, ஒரு திருப்பு. அடியிலிருந்து மேலே வர வேண்டும். விளிம்பை முதலில் பிடித்தால் பூ மாதிரி விரிந்து கிழிந்துவிடும். விளிம்பில் வெடிப்பு கண்டால் ஈர விரலால் ஒரு தடவு. தண்ணீரை ஊற்றினால் கிண்ணம் குழைந்து உட்கார்ந்துவிடும்.

தொடக்கத்தில் இருபது நிமிடம் யாரும் பேசுவதில்லை. நடுவில் ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொள்வோம். சுவர் எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்று விரலே பார்த்துச் சரிசெய்ய வேண்டும். இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் இருக்கிறது. மூச்சை எண்ணும்போது மனம் விலகிப் போனால் அது போனதே எனக்குத் தெரியாது. பத்து நிமிடம் கழித்துத்தான் தெரியும். மண்ணில் உடனே தெரிந்துவிடும். நாளைய அலுவலகக் கூட்டத்தைப் பற்றி நினைத்தேன் என்றால் கட்டைவிரல் ஒரே இடத்தில் இரண்டு தடவை அழுத்தியிருக்கும். அங்கே சுவர் காகிதமாகியிருக்கும். யாரும் திட்டவில்லை, மதிப்பெண் போடவில்லை. மெலிந்த இடத்தில் கொஞ்சம் மண்ணை ஒட்டி, மறுபடி திருப்ப வேண்டியதுதான்.

இதற்கு ஆராய்ச்சி ஏதாவது உண்டா என்று எங்கள் குடியிருப்பில் ஒரு மருத்துவ மாணவி தேடிப் பார்த்துச் சொன்னாள். அமெரிக்காவின் ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தினர் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், 39 பேரை 45 நிமிடம் களிமண், மார்க்கர், படத்துண்டு ஒட்டுதல் என்று விருப்பப்படி ஏதாவது செய்ய வைத்து, முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவைப் பார்த்திருக்கிறார்கள். ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு அந்த அளவு குறைந்திருந்தது. கலையில் முன்பழக்கம் உள்ளவர், இல்லாதவர் என்ற வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. சின்ன ஆய்வுதான், அதை வைத்து மருந்தை நிறுத்திவிடக் கூடாது. மனச்சோர்வுக்கு மருத்துவரிடம் போகிறவர்கள் போய்க்கொண்டே மாடிக்கும் வரட்டும்.

இருபது நிமிடம் முடிந்த பிறகு பேச்சு தானாக வரும். அதுவும் எப்படி என்றால், யாரும் யார் முகத்தையும் பார்க்காமல். எதிர் வீட்டு மதினி கணவரை இழந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நாங்கள் போய்த் துக்கம் விசாரித்தபோதெல்லாம் "நல்லாருக்கேன்" என்ற ஒரு சொல்லோடு கதவைச் சாத்திவிடுவார். மகள் வற்புறுத்தி அவரை மாடிக்கு அனுப்பினாள். வாரா வாரம் வந்து அகல் விளக்கு மட்டும் பிடிப்பார். ஒன்றைச் செய்து, திரி வைக்கும் மூக்கைக் கிள்ளி, பார்த்து, மறுபடி உருண்டையாக்கிவிடுவார். நாலாவது வாரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு கிண்ணத் தண்ணீர் எங்கள் இருவருக்கும். விரலை நனைத்துக்கொண்டே, மண்ணைப் பார்த்தபடி, "அவருக்குக் கட்டவெரல் நகம் இப்படித்தான் அகலமா இருக்கும்" என்றார். அகலின் மூக்கில் கட்டைவிரல் பதிந்த குழி. நான் "உம்" என்றேன். அவ்வளவுதான். அரை மணி நேரம் அவர் சொல்லிக்கொண்டே போனார். அவர் முகத்தை நான் பார்த்திருந்தால், என் முகத்தை அவர் பார்த்திருந்தால், அந்தப் பேச்சு வந்திருக்காது என்று உறுதியாக நினைக்கிறேன். அன்று அவர் அந்த அகலைப் பிசைந்து உருட்டவில்லை. காயப் பலகையில் வைத்துவிட்டுப் போனார்.

இதனால்தான் எங்கள் மாடியில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். "நல்லாருக்கு" என்று யாரும் யாருடைய பொருளையும் பார்த்துச் சொல்வதில்லை. ஒருவருடையது நன்றாக இருக்கிறது என்றால் பக்கத்தில் இருப்பவருடையது அப்படியில்லை என்று ஆகிவிடுகிறது. அதற்குப் பதில், "இத எப்படிப் பிடிச்சீங்க?" என்று கேட்கலாம். பெற்றோருக்குத்தான் இதைப் பழக்குவது கஷ்டம். பிள்ளையின் யானைக்குத் தும்பிக்கையைத் தாங்களே ஒட்டிவிட ஒரு அரிப்பு. பிள்ளைகளையும் பெற்றோரையும் வட்டத்தின் எதிரெதிர்ப் பக்கம் உட்கார வைத்துவிடுங்கள். போட்டி, பரிசு, பேனர், மேடை எதுவும் வேண்டாம். ஒரு தடவை சங்கத்தில் யாரோ பரிசு அறிவித்தார்கள். அந்த ஒரு வாரம் மட்டும் யாரும் தண்ணீர்க் கிண்ணத்தைப் பகிரவில்லை.

மூன்றாம் மாடிக்குப் பீகாரிலிருந்து ஒரு இளம் தம்பதி குடிவந்திருந்தார்கள். தர்பங்கா பக்கம். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, எங்களில் பலருக்கு இந்தி தெரியாது. புன்னகையோடு எல்லாம் நின்றுவிடும். மாடிக்கு வந்த முதல் நாளே அவள் கையில் மண் வேறு மாதிரி நடந்துகொண்டது. உருட்டி, ஒரு பக்கம் இழுத்து, கிள்ளி, ஒரே நிமிடத்தில் ஒரு பறவை. அப்புறம் அதற்கு ஜோடி. "சாமா, சகேவா" என்று ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினாள். மிதிலைப் பகுதியில் கார்த்திகை மாதத்தில் பெண்கள் அண்ணன் தம்பிகளுக்காக மண் பறவைகள் செய்து, இரவில் கூடிப் பாடி, பௌர்ணமியன்று கரைத்துவிடுவார்களாம். கணவர் மொழிபெயர்த்துச் சொன்னார். நான்காம் மாடிப் பாட்டி கேட்டார்: "உனக்கு எத்தன அண்ணந்தம்பி?" விரலைக் காட்டினாள், மூன்று. அடுத்த வாரம் பாட்டி மூன்று பறவை செய்து எடுத்துவந்தார். காக்கை மாதிரி இருந்தது. அந்தப் பெண் அவற்றின் வாலை மட்டும் திருத்திக் கொடுத்தாள். இன்று அவர்கள் இருவரும் தினமும் ஒன்றாகக் காய்கறி வாங்கப் போகிறார்கள். என்ன மொழியில் பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

எல்லாரும் சேர்ந்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். கார் நிறுத்தும் இடத்துக்காக வழக்கு வரை போன இரண்டு வீட்டார் இருக்கிறார்கள். இருவரும் மாடிக்கு வருவார்கள், வட்டத்தின் இரண்டு ஓரங்களில் உட்காருவார்கள், இன்றுவரை பேசுவதில்லை. ஒரு நாள் திடீர் மழையில் எல்லாரும் காயப் பலகைகளை இறக்கி ஓடினோம். ஒருவர் கையில் இருந்த பலகையில் மற்றவர் வீட்டுப் பிள்ளையின் யானை இருந்தது. பார்த்துப் பதமாக இறக்கி வைத்தார். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. நடக்க வேண்டும் என்று நாங்களும் தள்ளவில்லை.

பிடிமண்ணை நாங்களும் செய்து பார்த்தோம். அவரவர் சொந்த ஊரிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவர வேண்டும் என்று சொன்னேன். தேனியிலிருந்து செம்மண், ராமநாதபுரத்திலிருந்து மணல், அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து கரிசல். எல்லாவற்றையும் கலந்து மிதித்தோம். ஐயா வராத வாரம் அது, கேட்காமல் செய்துவிட்டோம். சூளையிலிருந்து கிண்ணங்கள் நன்றாகத்தான் வந்தன. பத்து நாள் கழித்து ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் வந்தார்கள். கிண்ணத்தின் பக்கத்தில் மிளகளவு மண் பெயர்ந்து குழி, குழிக்குள் வெள்ளைப் புள்ளி. கரிசலில் இருக்கும் சுக்கான் கல்தான் காரணம். அது சுண்ணாம்புக் கல். சூளையில் வெந்து சுட்ட சுண்ணாம்பாகி, பின்னர் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல இழுத்து உப்பி, சுவரைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. கிளிஞ்சல் துண்டு இருந்தாலும் இதே கதைதான். இப்போது ஊர் மண்ணைத் தண்ணீரில் கரைத்து, பழைய நைலக்ஸ் புடவையில் வடிகட்டி, அந்தக் குழம்பை மட்டும் மொத்த மண்ணில் ஒரு கை கலக்கிறோம். எல்லா ஊரும் உள்ளே இருக்கிறது, கிண்ணமும் பிழைக்கிறது.

இன்னொரு நட்டம் இதைவிடப் பெரிது. பள்ளி விடுமுறை முடியப் போகிறது, பிள்ளைகள் கையில் சுட்ட பொருளைக் கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரம். ஐயா, "இன்னும் ஒரு வாரம் காயட்டும்" என்றார். நாங்கள் கெஞ்சினோம். 34 பொருளில் 11 சூளையிலேயே சிதறிவிட்டன. பக்கத்தில் இருந்த நல்லவற்றையும் கீறிவிட்டன. மண்ணுக்குள் காற்றுக் குமிழி இருந்தால் வெடிக்கும் என்று பரவலாகச் சொல்வார்கள். உண்மையில் வெடிக்க வைப்பது ஈரம். தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாகும்போது வெளியேற வழி கிடைக்காவிட்டால் சுவரைப் பிளந்துகொண்டு போகிறது. தடித்த சுவர் உள்ளே ஈரத்தை ஒளித்து வைத்திருக்கும். அதனால்தான் விரல் கனத்துக்கு மேல் எதுவும் கூடாது. யானையின் வயிறு மாதிரி தடிமனானவற்றை உள்ளே குடைந்துவிட வேண்டும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஐயா காட்டிய வழி: பொருளை எடுத்துக் கன்னத்தில் வை. சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அதற்கப்புறம் சூளைக்குப் போகும் முந்தின நாள் எங்கள் மாடியில் பார்த்தால், பெரியவர்கள் சின்னவர்கள் எல்லாரும் யார் யாருடைய கிண்ணத்தையோ கன்னத்தில் வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

காய வைப்பது நிழலில். முதல் இரண்டு நாள் மேலே ஈரத்துணி அல்லது செய்தித்தாள். சித்திரை வெயிலில் வைத்தால் விளிம்பு முதலில் காய்ந்து அடி பின்தங்கி, கோடு விழும். காது, கைப்பிடி ஒட்டும்போது இரண்டு பக்கமும் முள்கரண்டியால் கீறி, மண்குழம்பு தடவி அழுத்த வேண்டும். வெறும் தண்ணீரில் ஒட்டியது காயும்போது கழன்றுவிடும். ஐப்பசியில் நாங்கள் நிறுத்திவிடுகிறோம். எதுவும் காயாது.

கை கழுவுவதைப் பற்றி ஒரு வார்த்தை. வாஷ்பேசினில் கழுவவே கூடாது. களிமண் குழாயில் படிந்து கல்லாகிவிடும். பிளம்பருக்குக் கொடுத்த காசில் இரண்டு மாத மண் வாங்கியிருக்கலாம். மூன்று வாளி வையுங்கள். முதல் வாளியில் பெரிய சேறு, அடுத்ததில் மிச்சம், கடைசியில் சுத்தத் தண்ணீர். மறுநாள் தெளிந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, அடியில் தங்கிய மண்ணை மறுபடி சேர்த்துக்கொள்ளலாம். தரையைப் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்த மண்தூசியில் சிலிக்கா இருக்கிறது, மூச்சுக்குள் தொடர்ந்து போவது நுரையீரலுக்கு ஆகாது.

சூளை வைக்கும் நாளில் எல்லாருமாக விளாச்சேரிக்குப் போய்விடுவோம். பொருள்களை அடுக்கி, வைக்கோலும் தென்னை மட்டையும் வறட்டியும் வைத்து, மேலே வைக்கோல் போர்த்திச் சேறு பூசி, புகை போக ஓட்டைகள் விடுவார் ஐயா. தொடக்கத்தில் தீ மெதுவாக இருக்க வேண்டும். இரவெல்லாம் புகையும். மறுநாள் சூடு ஆறித்தான் பிரிப்பார்கள். ஒரு முறை திரும்பி வரும் வழியில் கீழடி அருங்காட்சியகத்துக்கும் போனோம். மதுரையிலிருந்து பக்கம்தான், 2023-ல் திறந்தது. பானை ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன்' என்று பெயர் கீறியிருக்கிறார்கள். அங்கே நின்ற பிறகு எங்கள் பிள்ளைகள் கிண்ணத்தின் அடியில் தங்கள் பெயரோடு, தண்ணீர்க் கிண்ணத்தைப் பகிர்ந்தவர் பெயரையும் கீறத் தொடங்கினார்கள். நாங்கள் சொல்லிக்கொடுத்தது இல்லை. இன்னொரு முறை மானாமதுரைக்குப் போனோம். கடம் என்ற தாள வாத்தியத்துக்குப் பேர் போன ஊர். அங்கத்திய மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உள்ளே கல்லைத் தாங்கிக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டிச் சுவரை ஒரே கனத்துக்குக் கொண்டுவருகிறார்கள். தட்டும் சத்தத்தைக் கேட்டே எங்கே கனம் கூடியிருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். எங்கள் ஐந்து நிமிடக் கண் மூடல் எவ்வளவு சின்னத் தொடக்கம் என்று அங்கே உட்கார்ந்து கேட்டபோது புரிந்தது.

கார்த்திகை தீபத்தன்று மதினியின் அகல் எங்கள் மாடிக் கைப்பிடிச் சுவரில் எரிந்தது. சுட்டதும் கட்டைவிரல் குழி கொஞ்சம் சிறுத்துத்தான் போயிருந்தது. சூளையில் சிதறிய ஓடுகளை நாங்கள் தூக்கிப் போடுவதில்லை. ஈரப்படுத்தி, இடித்து, சலித்து, அந்தத் தூளை அடுத்த மண்ணில் மணலுக்குப் பதிலாகச் சேர்ப்போம். சுருக்கமும் வெடிப்பும் நன்றாகக் குறைகிறது. இந்த வாரம் இடிக்கும் முறை அன்றைக்குப் பால் வாங்கி வந்தவருடையது. உலக்கை அவரிடம் இருக்கிறது. சல்லடை எங்கள் வீட்டில். சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.